முப்பது ஆண்டுக் கடன், ஓராண்டுக் காப்பீடு

புது வீடு வாங்குகிறவர் கைக்குச் சாவி வருவதற்கு முன்னால் ஒரு காகிதம் வந்தாக வேண்டும். வீட்டுக்குத் தீக்காப்பீடு எடுத்தாயிற்று என்ற சான்று அது. அமெரிக்காவில் அது இல்லாமல் வங்கி அடமானக் கடனை விடுவிக்காது. கடன் வழக்கமாக முப்பது ஆண்டுக்கு. வீடு ஒழுங்காகக் கட்டியிருந்தால் இன்னும் அதிகக் காலம் நிற்கும். ஆனால் அந்தக் காகிதத்தின் ஆயுள் பெரும்பாலும் பன்னிரண்டு மாதம்தான். ஆண்டு முடியும்போது காப்பீட்டு நிறுவனம் "புதுப்பிக்க இயலாது" என்று முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். கடன் கொடுத்த வங்கியோ, அனுமதி கொடுத்த உள்ளாட்சியோ, குடியேறிய குடும்பமோ அப்படி ஒதுங்க முடியாது.

காட்டுத்தீ அபாயமுள்ள இடங்களில் புதுக் குடியிருப்புகள் கட்டுவது பற்றி கலிஃபோர்னியாவில் நடக்கும் சண்டைகளின் முடிச்சு இந்தக் கால வித்தியாசத்தில்தான் இருக்கிறது. நிலத்தை வாங்கி மனை பிரித்து வீடு கட்டி விற்கும் பில்டர் சில ஆண்டுகளில் அடுத்த திட்டத்துக்குப் போய்விடுவார். மாவட்ட நிர்வாகத்துக்குச் சொத்துவரி வரத் தொடங்கிவிடும். தீயின் கணக்கு வரும்போது அங்கே நிற்பவர் வீட்டை வாங்கியவர் மட்டுமே. ஆகவே "இந்த இடத்துக்குக் காப்பீடு கிடைக்குமா, பத்தாண்டு கழித்தும் கிடைக்குமா" என்ற கேள்வியைச் சாவி கொடுக்கும் நாளில் கேட்டுப் பயனில்லை. மனைக்குக் கோடு போடும் நாளில் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு அன்றே பதில் தேடுவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

இது மலையுச்சியில் பங்களா கட்டும் சில பணக்காரர்களின் கவலை என்று நினைக்க வேண்டாம். காடும் ஊரும் ஒன்றையொன்று உரசும் எல்லைப் பகுதிகளில் 1990-இல் அமெரிக்காவில் சுமார் 3 கோடி வீடுகள் இருந்தன. 2010-இல் அது 4.3 கோடிக்கு மேல் போய்விட்டது. நாட்டின் மொத்த வீடுகளில் மூன்றில் ஒரு பங்கு. நகரத்துக்குள் வீட்டு விலை எட்டாத உயரத்துக்குப் போனதால் மலையடிவாரத்துக்குத் தள்ளப்பட்டவர்கள் அதில் ஏராளம்.

காடு எரிவது வேறு, ஊர் எரிவது வேறு

காட்டுத்தீ என்றவுடன் மரம் மரமாகத் தாவிவரும் ஒரு நெருப்புச் சுவர் மனதில் வரும். வீடுகள் அழியும் விதம் பெரும்பாலும் அதுவல்ல. காற்று வலுத்த நாளில் எரியும் பட்டைகளும் சுள்ளிகளும் கங்குகளாகப் பறந்து, தீயின் முனைக்கு ஒரு மைலுக்கும் அப்பால் விழுகின்றன. கூரை விளிம்பின் மழைநீர் வடிகாலில் காய்ந்த சருகு இருந்தால் போதும். பரணுக்குக் காற்றுப் போக வைத்த துளையின் கம்பிவலை அகலமாக இருந்தால் போதும். சுவரை ஒட்டிய புதர், கால்மிதி, மரவேலி எதுவும் போதும். ஒரு வீடு பிடித்துக்கொண்டால் அதன்பின் காட்டுக்கு வேலையே இல்லை. அந்த வீடே பக்கத்து வீட்டுக்கு விறகு.

2017 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் சான்டா ரோசா நகரத்தில் இதுதான் நடந்தது. டப்ஸ் என்று பெயர் வைத்த காட்டுத்தீ ஆறு தடங்கள் கொண்ட 101 நெடுஞ்சாலையைத் தாண்டி காஃபி பார்க் என்ற சாதாரண நகர்ப்புறக் குடியிருப்பில் விழுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. அந்த இடம் அரசின் தீ அபாய வரைபடத்தில் இல்லவே இல்லை. எனவே தீத்தடுப்புக் கட்டட விதிகளும் அங்கே பொருந்தவில்லை. அதே தீயில் எரிந்த ஃபவுன்டன்குரோவ் மேட்டின் கதை வேறு. 1964-இல் ஹான்லி தீ ஏறத்தாழ அதே பாதையில் வந்திருந்தது. அப்போது அங்கே வீடுகள் அதிகமில்லை. நடுவில் மறதி புகுந்தது, வீடுகள் முளைத்தன.

காப்பீட்டுக்காரரின் பயம் இங்கேதான் தொடங்குகிறது. சமையலறையில் எண்ணெய் பற்றி ஒரு வீடு எரிவதை அவர் கணக்குப் போட்டுவிடுவார். பத்தாயிரம் வீட்டில் ஆண்டுக்கு இத்தனை என்று ஒரு விகிதம் கிடைக்கும். ஒரு வீடு எரிவதால் மற்றொன்று எரியாது. காட்டுத்தீயில் அந்தக் கணக்கே கவிழ்கிறது. இருபது ஆண்டு ஒன்றும் நடக்காது. ஒரே பிற்பகலில் தெரு முழுவதும் போய்விடும். அதே பகுதியில் நிறையப் பாலிசி விற்றவர் அன்றோடு மூழ்கலாம்.

மூழ்கியும் இருக்கிறார்கள். 2018 நவம்பர் 8-ஆம் தேதி கேம்ப் தீ பாரடைஸ் ஊரை அழித்தது. 85 பேர் இறந்தார்கள், 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. மெர்சிட் ப்ராப்பர்ட்டி அண்ட் கேஷுவல்ட்டி என்ற சிறிய உள்ளூர் நிறுவனத்தின் மொத்தச் சொத்து சுமார் 2.3 கோடி டாலர். அந்த ஒரே ஊரில் அதற்கு வந்து விழுந்த பொறுப்பு சுமார் 6.4 கோடி. சில வாரங்களில் அரசு அதை எடுத்துக் கலைத்தது. பெரிய நிறுவனங்கள் மூழ்கவில்லை, ஆனால் பாடம் படித்துக்கொண்டன. மில்லிமன் என்ற கணிப்பு நிறுவனம் கூட்டிப் பார்த்தபோது, 1991 முதல் 2016 வரை கலிஃபோர்னிய வீட்டுக் காப்பீட்டில் மொத்தத் துறையும் சேர்த்துச் சம்பாதித்த லாபத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் 2017, 2018 ஆகிய இரண்டே ஆண்டுகளில் போயிருந்தது.

விலை சொல்ல முடியாத சந்தை

இவ்வளவு அபாயம் என்றால் பிரீமியத்தை ஏற்றிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். கலிஃபோர்னியாவில் அது எளிதல்ல. 1988-இல் வாக்காளர்கள் நேரடியாக நிறைவேற்றிய 103-ஆவது பிரேரணை, கட்டணத்தை மாற்றுமுன் மாநிலக் காப்பீட்டு ஆணையரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அந்த ஆணையரும் தேர்தலில் நின்று ஜெயித்து வருபவர். வீடு, கார் போன்றவற்றின் கட்டணத்தை 7 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கேட்டால் பொது விசாரணை கோரப்படலாம். பெருந்தீக்கான தொகையைக் கடந்த இருபது ஆண்டுச் சராசரியை வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்ற விதியும் இருந்தது. வரப்போகும் தீயைக் கணிக்கும் கணினி மாதிரிகளைக் கட்டண விண்ணப்பத்தில் காட்ட முடியாதிருந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் தங்களுக்கே எடுத்துக்கொள்ளும் மறுகாப்பீட்டின் செலவையும் வாடிக்கையாளர் தலையில் வைக்க முடியாதிருந்தது.

இந்த விதிகள் நுகர்வோரைக் காக்கத்தான் வந்தன. பல ஆண்டு காத்தும் இருக்கின்றன. ஆனால் புதுக் குடியிருப்புகளைப் பொறுத்தவரை ஒரு கெடுதலும் செய்தன என்பது என் கருத்து. விலை என்பது ஒரு தகவல். மலைச்சரிவில் நூறு வீடு கட்டப் போகும் பில்டரிடம் "இங்கே ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் டாலர் ஆகும்" என்று சந்தை முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சிலராவது வேறு நிலம் பார்த்திருப்பார்கள். சந்தையின் வாயைக் கட்டியபோது அது கத்தவில்லை; எழுந்து வெளியே போய்விட்டது. 2022-இல் ஆல்ஸ்டேட் புதிய வீட்டுப் பாலிசிகளை நிறுத்தியது. 2023 மே மாதம் மாநிலத்தின் மிகப் பெரிய வீட்டுக் காப்பீட்டு நிறுவனமான ஸ்டேட் ஃபார்ம் நிறுத்தியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் வீடுகளும் அடுக்ககங்களுமாகச் சுமார் 72,000 பாலிசிகளைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றும் அறிவித்தது.

பெருந்தீ நடந்த பகுதிக்கும் அதை ஒட்டிய அஞ்சல் குறியீடுகளுக்கும் ஓராண்டு பாலிசியைக் கைவிடக் கூடாது என்று 2018-இல் ஒரு சட்டம் வந்தது. அது ஏற்கெனவே பாலிசி வைத்திருப்பவருக்குத்தான் கவசம். புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் கைவிட ஒன்றுமில்லை. அதற்கு முதல் பாலிசியே கிடைக்க வேண்டும். வெளியேற்றம் நடக்கும் சந்தையில் வரிசையின் கடைசியில் நிற்பது எப்போதும் புது வீடுதான்.

2024 டிசம்பரில் விதிகள் தளர்ந்தன. கணினி மாதிரிகளைப் பயன்படுத்தலாம், மறுகாப்பீட்டுச் செலவையும் ஓரளவு சேர்க்கலாம். பதிலுக்கு, மாநிலத்தில் தனக்குள்ள சந்தைப் பங்கில் 85 சதவீத அளவுக்காவது அபாயப் பகுதிகளிலும் பாலிசி எழுத வேண்டும். மை காய்வதற்குள், 2025 ஜனவரி 7-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் பாலிசேட்ஸ் தீயும் ஈட்டன் தீயும் மூண்டு 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களைத் தின்றன.

கடைசிக் கதவு

தனியார் யாரும் பாலிசி தராதபோது கலிஃபோர்னியாவில் தட்டும் கதவின் பெயர் ஃபேர் பிளான். 1968-இல் சட்டப்படி அமைந்தது. அரசு நிறுவனம் போலத் தோன்றும். அரசுப் பணம் அதில் கிடையாது. மாநிலத்தில் சொத்துக் காப்பீடு விற்கும் எல்லா நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் பொதுத் தொகுப்பு அது. 2024 செப்டம்பரில் நான்கரை லட்சம் வீட்டுப் பாலிசிகள் அதில் இருந்தன. மொத்தப் பொறுப்பு 45,800 கோடி டாலர், ஒரே ஆண்டில் 61 சதவீத ஏற்றம். தற்காலிகமாக ஒதுங்கிக்கொள்ள வைத்த திண்ணை நிரந்தரக் குடியிருப்பாகிவிட்டது.

புதுக் குடியிருப்பு ஒன்று ஃபேர் பிளானை நம்பித்தான் விற்பனைக்கு வருகிறது என்றால் வாங்குகிறவர் அதன் பொருளைப் புரிந்துகொள்ள வேண்டும். தீ, மின்னல், புகை, உள்வெடிப்பு ஆகியவற்றுக்குத்தான் அதில் அடிப்படைப் பாதுகாப்பு. திருட்டு, குழாய் உடைந்து வரும் தண்ணீர்ச் சேதம், நம் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்தவர் போடும் வழக்கு எதுவும் அதில் இல்லை. விட்டுப்போனதை நிரப்ப இன்னொரு நிறுவனத்தில் தனியாக ஒரு துணைப் பாலிசி எடுக்க வேண்டும். இரண்டு பிரீமியம், இரண்டு நிறுவனம், சேதம் வந்தால் "அது அவர்கள் பொறுப்பு" என்று ஒருவர் மற்றவரைக் காட்டும் வாய்ப்பும் உண்டு. வீட்டுக்கு உச்சவரம்பு 30 லட்சம் டாலர்.

வரிசை வீடுகளும் அடுக்ககங்களும் கட்டும்போது சிக்கல் இன்னொரு விதமாக வருகிறது. அங்கே கூரையும் வெளிச்சுவரும் குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தம். பொதுப் பாலிசி சங்கத்தின் பெயரில். ஒரே இடத்தில் பல கோடி டாலர் மதிப்புக் குவிந்திருப்பதால் ஃபேர் பிளானின் வணிக உச்சவரம்பு போதாமல் போயிருக்கிறது. 2025-இல் கட்டடத்துக்கு 2 கோடி, வளாகத்துக்கு 10 கோடி என்று அதை உயர்த்தியதே இந்த நெருக்கடியால்தான். சங்கத்தின் பாலிசி முழு மதிப்பையும் மூடவில்லை என்றால் அந்த வளாகத்தில் எந்த ஒரு வீட்டுக்கும் அடமானக் கடன் கிடைப்பது கடினம். ஒரு வீட்டின் தலையெழுத்து இங்கே நூறு வீட்டோடு சேர்த்து எழுதப்படுகிறது.

பாலிசி ரத்தாகி வேறு எதுவும் எடுக்காமல் விட்டால் வங்கி தானே ஒன்றை வாங்கி, அதன் விலையைக் கடன் வாங்கியவர் கணக்கில் ஏற்றிவிடும். விலை அதிகம். அது காப்பதோ முதன்மையாக வங்கியின் கடனை. வீட்டுக்குள் இருக்கும் சாமானை அல்ல.

ஃபேர் பிளானின் பணம் தீர்ந்தால்? 2025 பிப்ரவரியில் அதுவும் நடந்தது. லாஸ் ஏஞ்சலஸ் தீக்குப் பின் உறுப்பினர் நிறுவனங்களிடமிருந்து 100 கோடி டாலர் திரட்ட ஆணையர் அனுமதித்தார். 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. அதில் பாதியை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களிடமே வசூலித்துக்கொள்ளலாம். சமவெளியில், காட்டையே பார்க்காத ஒருவரின் பிரீமியத்தில் மலைச்சரிவு வீட்டின் பங்கு ஒரு சிறு வரியாக வந்து உட்கார்ந்தது. சரிவில் ஒரு புதுத் திட்டத்துக்கு அனுமதி கொடுக்கும் மாவட்டக் கூட்டத்தில் இவருக்கு நாற்காலி கிடையாது.

எலும்புக்கூடாக நிற்கும் மாதங்கள்

வீடு விற்பதற்கு முன்னால் பில்டருக்கே ஒரு காப்பீடு தேவை. கட்டுமான காலத்துக்கான பாலிசி அது. அவருக்குக் கடன் கொடுத்தவரும் அதைக் கேட்பார். காட்டுத்தீயின் கண்ணில் ஒரு கட்டடம் மிகவும் பலவீனமாக இருப்பது முடிந்த பிறகல்ல, பாதியில் நிற்கும்போதுதான். அமெரிக்க வீடுகளுக்குச் சட்டகம் மரம். கூரை ஏறாமல், வெளிச்சுவர் மூடாமல், காய்ந்த மரச்சட்டங்கள் வரிசையாக நிற்கும் ஒரு மனைத்திட்டம் கங்குகளுக்கு விரித்த பாய். பக்கத்தில் பலகைக் குவியல், நெகிழிப் போர்வை, வண்ணப்பூச்சு டப்பாக்கள். காவலுக்கு இரவில் யாருமில்லை.

அதனால் இந்தப் பாலிசிகளில் காட்டுத்தீக்கு மட்டும் தனி உச்சவரம்பு வைப்பதுண்டு. பில்டர் தாமே ஏற்க வேண்டிய தொகையை உயர்த்துவதுண்டு. சில நேரம் காட்டுத்தீயை மொத்தமாக விலக்கிவிடுவதும் உண்டு. சேதத்தால் திட்டம் எட்டு மாதம் தள்ளிப்போனால் ஓடும் வட்டி, மறு அனுமதிக் கட்டணம் போன்றவை தனியாகச் சேர்த்தால்தான் வரும். கட்டும் வரிசையும் காப்பீட்டு விஷயமே. எரியக்கூடிய பொருள் மனைக்குள் வருவதற்கு முன்னால் தீயணைப்பு வண்டி வரும் பாதையும் தண்ணீரும் தயாராக இருக்க வேண்டும் என்று கலிஃபோர்னியத் தீ விதி சொல்கிறது. காகிதத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். நூறு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் சட்டகம் எழுப்பாமல், பத்துப் பத்தாக எழுப்பி மூடிவிட்டு நகர்வது அபாயத்தை வெகுவாகக் குறைக்கும். ஆனால் தச்சர் குழுவைத் திரும்பத் திரும்ப வரவழைக்கச் செலவாகும். பிரீமியத்தில் மிச்சமாவதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பில்டர்தான் புத்திசாலி.

வீடு விற்றதும் இந்தப் பாலிசி முடிந்துவிடும். கட்டுமானக் குறைகளுக்குப் பில்டர் பத்தாண்டு வரை பதில் சொல்ல வேண்டும் என்பது கலிஃபோர்னியச் சட்டம். ஆனால் விதிப்படி கட்டிய வீடு எரிந்தால் அது குறை ஆகாது.

விதி காப்பாற்றுகிறதா?

ஆம், கணிசமாக. கலிஃபோர்னியக் கட்டட விதியின் 7ஏ அத்தியாயம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அபாய மண்டலத்தில் எழும் புது வீட்டுக்கு எளிதில் பற்றாத உயர்தரக் கூரை, கங்கு புகாத காற்றுத்துளை, சூட்டில் சிதறாத கண்ணாடி, தீயைத் தாங்கும் வெளிச்சுவர் எல்லாம் கட்டாயம். பாரடைஸில் 2008-க்குப் பின் கட்டிய சுமார் 350 தனி வீடுகளில் 51 சதவீதம் சேதமில்லாமல் தப்பின. அதற்கு முன் கட்டிய 12,100 வீடுகளில் தப்பியவை 18 சதவீதம். பொருளாதார ஆய்வாளர்கள் பெய்லிஸும் பூம்ஹோவரும் பல தீக்களின் தரவை அலசிச் சொன்னது: ஒரே அளவு தீயைச் சந்தித்த 1990-ஆம் ஆண்டு வீட்டைவிட 2008-க்குப் பிந்தைய வீடு அழியும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் குறைவு. அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. விதிப்படி கட்டிய வீட்டால் பக்கத்து வீட்டின் அபாயமும் சற்றுக் குறைகிறது. அப்படியானால் அதற்கு நேர்மாறானதும் உண்மை.

காப்பீடு இதை மெதுவாகத்தான் ஏற்றுக்கொண்டது. வீட்டைப் பலப்படுத்துபவருக்குக் கட்டணத் தள்ளுபடி கொடுத்தாக வேண்டும் என்று 2022 அக்டோபரில் கலிஃபோர்னியா விதித்தது; நிறுவனம் வீட்டுக்குப் போடும் அபாய மதிப்பெண்ணைச் சொல்ல வேண்டும், அதை எதிர்த்து முறையிட வழி தர வேண்டும் என்பதும் அதில் சேர்த்தி. தள்ளுபடி கிடைக்கலாம். பாலிசி கிடைக்கும் என்று அந்த விதி எங்கும் சொல்லவில்லை.

நிறுவனங்கள் ஏன் தயங்குகின்றன? ஒரு வீட்டை மட்டும் பலப்படுத்துவதில் அவற்றுக்கு முழு நம்பிக்கையில்லை; அந்தத் தயக்கத்தில் நியாயமும் உண்டு. பக்கத்து வீடு பத்தடியில் முழுசாகப் பற்றி எரிந்தால் அதன் வெப்பம் தாங்கும் சுவரையும் கண்ணாடியையும் உடைத்துவிடும். கங்குக்கு எதிராகக் கட்டிய வீடு, பக்கத்து வீட்டுத் தழலுக்கு எதிராகக் கட்டியதாகிவிடாது. வீடுகளுக்கு இடையே இருக்கும் தூரமே இங்கே பெரிய ஆயுதம். அதுவே பில்டருக்கு மிகவும் கசப்பானது. ஏக்கருக்கு எட்டு வீடு என்றால் விலை ஒன்று, நான்கு என்றால் விலை வேறு. வீட்டுப் பஞ்சத்தில் தவிக்கும் மாநிலத்தில் "தள்ளித் தள்ளிக் கட்டு" என்பது பாதி பேரை வெளியே நிறுத்துவதற்குச் சமம். ஆனால் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும் வீடுகளும் நல்லதல்ல. ஒவ்வொன்றையும் காடு நான்கு பக்கமும் சூழும், தீயணைப்பு வண்டி ஒவ்வொன்றுக்கும் தனிப்பாதை தேட வேண்டும். வீடுகளை நெருக்கமாகக் கொத்தாக வைத்து, கொத்தைச் சுற்றி எரியாத வெளி விட்டு, உள்ளே ஒவ்வொன்றையும் கடுமையான தரத்தில் கட்டுவது ஒரு வழி. கேட்கச் சுலபம்.

அப்படி ஒன்றைச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். சான் டியேகோ மாவட்டத்தின் எஸ்கான்டிடோவில் கேபி ஹோம் என்ற பெரிய பில்டர் நிறுவனம் கட்டும் டிக்சன் டிரெய்ல் என்ற 64 வீட்டுக் குடியிருப்பு, 2025-இல் நாட்டின் முதல் 'காட்டுத்தீக்குத் தயாரான குடியிருப்பு' என்ற அங்கீகாரத்தைப் பெற்றது. தரத்தை வகுத்தது காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் தென் கரோலினாவில் இயங்கும் ஓர் ஆய்வு நிலையம். நிஜ வீடுகளை உள்ளே நிறுத்தி, ராட்சத விசிறிகளால் கங்கு மழை பெய்வித்துப் பார்க்கும் கூடம் அங்கே இருக்கிறது. மரவேலிக்குப் பதில் உலோக வேலி, மூடிய இறவாரம், சுவரிலிருந்து ஐந்தடிக்கு எரியக்கூடிய எதுவும் இல்லாத வெறும் தரை. மொத்தக் குடியிருப்புக்கும் ஒரே தரம் என்பதே அதன் விசேஷம். முதல் நாளிலிருந்தே எல்லா வீட்டையும் ஒருவரே கட்டும் புதுக் குடியிருப்பில்தான் இது சாத்தியம். பழைய ஊரில் பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்ச வேண்டும். புதுக் குடியிருப்புகளுக்கு எதிராக எவ்வளவு பேசினாலும் இந்த ஒரு சாதகத்தை மறுக்க முடியாது.

ஒரு சிறு குறிப்பு. 2011 முதல் கலிஃபோர்னியாவின் எல்லாப் புது வீடுகளிலும் உள்ளே தானியங்கி நீர்த்தெளிப்பான் கட்டாயம். அதைக் காட்டுத்தீப் பாதுகாப்பாக விளம்பரத்தில் காட்டுவதை நம்ப வேண்டாம். அது உள்ளே பற்றும் தீக்கு, உறங்குகிறவர் வெளியே ஓட அவகாசம் கொடுக்க. வெளியிலிருந்து வரும் தீயில் வீடுகள் இடிந்து விழும்போது உடைந்த குழாய்களெல்லாம் திறந்த வாயாகி, ஊருக்கே தண்ணீர் அழுத்தம் குறைந்துபோகும்.

வரைபடம், மதிப்பெண், நீதிமன்றம்

அரசின் அபாய வரைபடத்தைப் பார்த்து நிலம் வாங்கும் பில்டர் தவறான காகிதத்தைப் பார்க்கிறார் என்றே சொல்வேன். அந்த வரைபடம் எங்கே எந்தக் கட்டட விதி பொருந்தும் என்று தீர்மானிக்க வரைந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் செயற்கைக்கோள் படம், சரிவு, புதர்வகை, தீயணைப்பு நிலையத்தின் தூரம் எல்லாவற்றையும் கலந்து தாங்களே மதிப்பெண் போடும் மென்பொருட்களை வைத்திருக்கின்றன. ஒன்றில் தேறும் மனை மற்றொன்றில் தோற்கும். நிலத்துக்கு முன்பணம் கொடுக்குமுன் இரண்டு மூன்று நிறுவனங்களின் மதிப்பெண்ணை முகவர் வழியாகக் கேட்டுப் பார்ப்பது மண் பரிசோதனை போல ஒரு வழக்கமாக வேண்டும்.

வரைபடம் என்றாலே கோபம் வருகிறது என்பதற்கு ஓரிகன் மாநிலம் சாட்சி. 2022-இல் மனை மனையாக அபாயத்தைக் காட்டி ஒரு வரைபடத்தை வெளியிட்டது. பிரீமியம் ஏறும், வீட்டு விலை விழும் என்று மக்கள் கொதிக்க, சில வாரங்களில் திரும்பப் பெற்றது. காப்பீட்டு நிறுவனங்கள் அந்த வரைபடத்தைப் பயன்படுத்தவே கூடாது என்று அடுத்த ஆண்டு சட்டம் போட்டார்கள். கோபம் அடங்கவில்லை. திருத்திய வரைபடமும் வந்து, 2025-இல் சட்டமன்றம் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. நிறுவனங்களிடம் சொந்தக் கணக்கு எப்போதோ இருந்தது. கண்ணாடியை உடைத்ததால் முகம் மாறவில்லை.

உள்ளாட்சிகள் கேட்காத கேள்வியை இப்போது நீதிமன்றங்கள் கேட்கின்றன, சுற்றுச்சூழல் சட்டத்தின் வழியாக. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் வட எல்லையில் சுமார் 19,000 வீடுகளோடு திட்டமிட்ட சென்டினியல் புதுநகரம், சான் டியேகோ மாவட்டத்தில் 1,119 வீடுகளுக்கான ஓட்டாய் திட்டம் இரண்டுக்கும் 2019-இல் அனுமதி கிடைத்தது. தீ அபாயத்தைச் சரியாக ஆராயவில்லை என்ற காரணமும் சேர்ந்து 2021-இல் இரண்டும் நீதிமன்றத்தில் தடைபட்டன. லேக் மாவட்டத்தில் 16,000 ஏக்கர் குவெனாக் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு எதிரான வழக்கில் மாநில அட்டர்னி ஜெனரலே சேர்ந்துகொண்டார். அங்கே எழுந்த கேள்வி நுட்பமானது: தீ அந்த வீடுகளுக்கு வருமா என்பது மட்டுமல்ல, ஆயிரக்கணக்கில் மக்கள் குடியேறுவதால் புதிதாகத் தீ மூளும் வாய்ப்பு எவ்வளவு கூடும்? 2024 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆய்வு போதாது என்றது.

இந்த வழக்குகளில் பேச்செல்லாம் சாலைகளைப் பற்றி, தப்பிக்க ஆகும் நேரத்தைப் பற்றி. பாரடைஸில் பலர் சிக்கிக்கொண்டதும் நெரிசலில் அடைத்த குறுகிய சாலைகளில்தான். வீட்டுக் காப்பீட்டின் கணக்கில் உயிருக்கு இடமில்லை, அது கட்டடத்தின் கணக்கு. பாலிசி எளிதாகக் கிடைக்கிற இடம் பாதுகாப்பான இடம் என்று எடுத்துக்கொண்டால் ஆபத்து.

கட்டியதைவிட மறுபடி கட்டும் செலவு

2021 டிசம்பர் 30-ஆம் தேதி கொலராடோவின் போல்டர் மாவட்டத்தில் மார்ஷல் தீ 1,084 வீடுகளை எரித்தது. காடு இல்லை, காய்ந்த புல்வெளி, மணிக்கு நூறு மைல் காற்று, வரிசை வரிசையாகப் புறநகர் வீடுகள். முழுதும் எரிந்த வீடுகளின் பாலிசிகளை மாநிலக் காப்பீட்டுத் துறை ஆராய்ந்தபோது, எவ்வளவு செலவானாலும் மறுபடி கட்டித் தருவோம் என்ற உத்தரவாதம் இருந்தது 8 சதவீதத்தில் மட்டுமே. மற்றவற்றில் ஒரு தொகை எழுதியிருந்தது. ஆயிரம் வீடு ஒரே நேரத்தில் கட்டத் தொடங்கும்போது தச்சரும் பலகையும் கிடைக்காமல் செலவு ஏறும். எழுதிய தொகை பாதி வழியில் நின்றுவிடும்.

புது வீடு வாங்குபவர் இதில் தனக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பது இயல்பு: விதிப்படி கட்டிய வீடு, விலையும் நேற்றைய விலை. ஆனால் சந்தை விலையில் நிலத்தின் பங்கும் பில்டரின் லாபமும் இருக்கின்றன. ஒரே அச்சில் அறுபது வீடு கட்டும்போது கிடைத்த மொத்த விலைச் சலுகையும் இருக்கிறது. தனியாக ஒரு வீட்டை மறுபடி கட்ட ஆகும் செலவு அதிலிருந்து தெரியாது. தீயைத் தாங்கும் கண்ணாடி, வெளிச்சுவர் என்று சேர்த்தவற்றையும் பாலிசித் தொகையில் எழுதச் சொல்ல வேண்டும். முகவரின் மென்பொருள் பெரும்பாலும் பரப்பளவை வைத்து ஒரு தோராயத்தைத்தான் தரும்.

ஆஸ்திரேலியாவில் இந்தப் பேச்சு இன்னும் முன்னதாகவே தொடங்குகிறது. 173 பேரைக் கொன்ற 2009 பிப்ரவரி 7-ஆம் தேதித் தீக்குப் பின் கடுமையாக்கப்பட்ட கட்டுமானத் தரம், மனைக்கு மனை ஒரு தாக்குதல் எண்ணைக் கணக்கிடச் சொல்கிறது. சரிவு எவ்வளவு, எந்த மரம் எத்தனை மீட்டரில் என்று பார்த்து, சதுர மீட்டருக்கு 12.5, 19, 29, 40 கிலோவாட் வெப்பம் என்று படிகள். அதற்கும் மேலே தழல் மண்டலம். எந்தப் படியோ அதற்கேற்ற வீடுதான் கட்ட முடியும். வீட்டின் வரைபடம் வரைவதற்கு முன்பே செலவு தெரிந்துவிடுவதால், மேல்படி மனைகளை விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

எத்தனை கவனமாகக் கட்டினாலும் வீடு கட்டிய நாளில் நின்றுவிடுவதில்லை. முதல் ஆண்டு உலோக வேலி பளபளக்கும். நான்காம் ஆண்டு ஒருவர் நாய்க்காக மரக்கதவு மாட்டுவார். ஆறாம் ஆண்டு ஜன்னலுக்குக் கீழே ஒரு செடி, ஏழாம் ஆண்டு அது புதர். டிக்சன் டிரெய்ல் வீடுகளுக்குக் கிடைக்கும் சான்று மூன்று ஆண்டுக்குத்தான்; நடுவில் ஆண்டுதோறும் சரிபார்ப்பு உண்டு. இப்படிப்பட்ட குடியிருப்புகளில் சங்க விதிகளைப் பெரும்பாலும் முதல் வீடு விற்கும் முன்பே பில்டரின் வழக்கறிஞர்கள் எழுதிவிடுகிறார்கள். சுவரிலிருந்து ஐந்தடிக்குள் எந்தச் செடியையும் நட்டுவைக்கக் கூடாது என்ற வரி அதில் இருக்கிறதா என்று வாங்குகிறவர் பார்க்கலாம். நட்டுவிட்டால் யார் வந்து பிடுங்குவார், அதற்கான கூலியை யார் தருவார் என்ற வரியும் இருக்கிறதா என்று பார்க்கலாம். இரண்டாவது வரி பல விதிப் புத்தகங்களில் இருப்பதில்லை.